போயிட்டு வாரவ

உப்பாத்துவிளையில யாரும் போறதில்ல, போயிட்டு வாரதுதான். குளிக்கப் போறவன் போயிட்டு வாரேன்னு சொல்லுவான், கொல்லைக்குப் போறவன் போயிட்டு வாரேன்னு சொல்லுவான், போலீஸ் ஜீப்புல ஏத்தும்போது கைய உதறிவிட்டுத் தெருவப் பாத்துத் திரும்பி நின்னு போயிட்டு வாரேன்னு சொன்னவனும் அந்த ஊர்ல உண்டு, அது சொல்லி முடியிற வரைக்கும் ஜீப்பை எடுக்காம நின்ன போலீஸ்காரரும் உண்டு. பஞ்சாயத்துத் தலைவர் பேச்சிமுத்தோட அப்பா சாகக் கெடக்கையில கடைசியா வாயத் தெறந்து சொன்னதும் அதுதான். அதனால பாடையில ஏத்துன பொறவும் கொஞ்ச நேரம் தூக்காம நின்னாங்க, சொன்ன மனுசன் வந்தாலும் வருவாருன்னு.

அந்த ஊர்ல 'போறேன்'னு மொட்டையாச் சொன்ன ஆளு ஒரே ஆளுதான், உப்பு லாரி டிரைவர் தங்கையா. ஒரு மத்தியானம் சோத்துல ஒக்காந்தவன் நெத்திலிக் கொழம்பை ஒரு வாய் வச்சுப் பாத்துட்டு "புளி கம்மி"ன்னான். அவன் பொண்டாட்டி சொர்ணம், காலையில இருந்து உப்பளத்துல நின்னு உள்ளங்கால் வெந்து வந்தவ, "கம்மின்னா புளியமரத்துல போய் ஏறு"ன்னா. பேச்சு வளந்து, தட்டு உருண்டு, அவன் போறேன்னு சொல்ல, இவ போன்னு சொல்ல, அவன் வண்டிய எடுத்தான். அவ்வளவுதான். ஆளும் வரல, லாரியும் வரல, லாரியில இருந்த உப்பும் வரல. வண்டி கவுந்துச்சுன்னும் தாக்கல் இல்ல, வேற எங்கயோ குடும்பம் வச்சிருக்கான்னும் தாக்கல் இல்ல. ஊர்ல யாரும் பெருசா ஆச்சரியப்படல. போறேன்னான், போயிட்டான்.

அப்பத் தவழ்ந்துக்கிட்டு இருந்த புள்ளைதான் செல்வக்கனி. அது வளந்து பள்ளிக்கூடம் போற நாள் வரைக்கும் சொர்ணம் 'போயிட்டு வாரேன்'ங்கற சொல்லைக் காவல் காத்தா. ஒருநாள் கனி அவசரத்துல சொல்லாமப் பஸ் ஏறிட்டான்னு, கையில கரண்டியோட ஓடிப் போயி பஸ்ஸை மறிச்சு, முழுப் பஸ்ஸும் பாக்க மகளைச் சொல்ல வச்சு, "போயிட்டு வா"ன்னு பதிலையும் சொல்லிட்டுத்தான் வழி விட்டா. கண்டக்டரும் பழக்கதோஷத்துல "போயிட்டு வாரோம்க்கா"ன்னான்.

கனிக்குப் பைலட் ஆகணும்னு எப்படித் தோணுச்சுன்னு கேக்கறவங்க உப்பளத்துல வேலை பாத்தவங்களா இருக்க மாட்டாங்க. உப்பளத்துல ஏரோப்ளானைப் பாக்கத் தலைய நிமித்த வேண்டாம், பாத்தித் தண்ணியில அது சத்தமில்லாம நீந்திப் போகும். லீவு நாள்ல அம்மாவோட உப்பு வாரப் போன புள்ளை, குனிஞ்ச தலையோட அதைப் பாத்துப் பாத்து, பலகையால தண்ணியக் கலக்காம ஒதுங்கி நின்னு வழி விட்டுப் பழகிருச்சு. மத்தப் புள்ளைங்க டீச்சர், நர்சுன்னு சொன்னப்ப இவ பைலட்டுன்னா. வாத்தியார் சிரிச்சாரு. அவரும் ஊர்க்காரர்தான், அதனால சிரிச்சு முடிச்சு "சரி, போயிட்டு வா"ன்னாரு.

நல்லாப் படிச்சா, சர்க்கார் உதவியில மேக்க இருந்த ஒரு ஃப்ளையிங் ஸ்கூல்ல எடம் கெடைச்சுச்சு. கெளம்புற அன்னைக்கு சொர்ணம் அவளை வீடு வீடாக் கூட்டிட்டுப் போயிச் சொல்ல வச்சா. டீக்கடை ஆபிரகாம் அண்ணாச்சிகிட்டச் சொல்லி, தலைவர்கிட்டச் சொல்லி, கோயில்ல சொல்லி, சர்ச்சுல சொல்லி, தெருக்குழாய்ல தண்ணி பிடிச்சுக்கிட்டு நின்ன அத்தனை பேர்கிட்டயும் சொல்லி, ஒவ்வொருத்தரும் "போயிட்டு வா"ன்னு சொன்ன பொறவு, கடைசியா வீட்டு முன்னால கட்டிக் கெடந்த செவலை ஆட்டுக்கிட்ட வந்து நின்னாங்க.

"இதுகிட்டயுமாம்மா?"

"அதுவும் வாயுள்ள ஜீவன்தான. சொல்லு."

"செவலை, போயிட்டு வாரேன்."

ஆடு "மே"ன்னுச்சு.

"ம், அது கணக்கு. இப்பப் பஸ் ஏறு"ன்னா சொர்ணம்.

ஸ்கூல்ல ஒரு கொறையும் இல்ல. பக்கத்துல வாத்தியார் வர்க்கீஸ் சார் ஒக்காந்திருக்கிற வரைக்கும் கனி ஓட்டுன ஏரோப்ளான் எங்க போகச் சொன்னாலும் போச்சு. தனியா ஓட்டுற நாள் வந்துச்சு. சட்டம் என்னன்னா, கூட ஆளில்லாமத் தானே ஓட்டிட்டுப் போயி, வேற ஊர் ஏர்போர்ட்டுல எறங்கிக் காட்டணும். காட்டுனாத்தான் லைசென்ஸ், லைசென்ஸ் இருந்தாத்தான் வேலை, இல்லன்னா பொறந்ததுல இருந்து படிச்சது பூராவும் உப்புல ஊத்துன தண்ணி.

கனி கெளம்புனா. வடக்க போகணும், காம்பஸ் வடக்கதான் காட்டுச்சு. கணக்குப் போட்ட நேரத்துக்கு மேகத்தைத் தாண்டிக் கீழ எறங்குனா. அங்க ரன்வே இல்ல. வெள்ளையா உப்புப் பாத்தி, அதுக்கு ஓரமா அம்பாரம் அம்பாரமாக் குவிச்ச உப்பு, அதுக்கு அங்கிட்டு ஆபிரகாம் அண்ணாச்சி டீக்கடை, பாய்லர்ல புகை. அவ திருப்பிப் பாத்தா, எந்தப் பக்கம் திருப்புனாலும் கண்ணாடிக்கு முன்னால அந்த வெள்ளைதான் வந்து நின்னுச்சு, வாசல்ல வந்து நின்னுக்கிட்டு சாப்டியான்னு கேக்குற மாதிரி. பெட்ரோல் எறங்கிக்கிட்டே இருந்துச்சு. வேற வழியில்லாம, யாரும் உப்பு வெளைய வைக்காம விட்ட காஞ்ச பாத்தியில எறக்குனா. தரை சிமெண்டு மாதிரி கெட்டியா இருந்துச்சு.

ஆபிரகாம் அண்ணாச்சி டீய ஆத்திக்கிட்டே வந்தாரு. "வந்துட்டியா? சீனி கம்மியாத்தான போடணும்?"

"அண்ணாச்சி, நான் இங்க வரல. நான் வேற ஊருக்குப் போயிட்டு இருந்தேன்."

"அதான், போயிட்டு வந்துட்டேல்ல. குடி."

சொர்ணம் வந்தா, மகளோட கன்னத்தைத் தொட்டுப் பாத்தா, ஏரோப்ளானைத் தொட்டுப் பாத்தா, வெயில்ல சுட்டுச்சுன்னு கைய எடுத்துக்கிட்டா. "சோறு வடிச்சுட்டேன், வா."

ரெண்டாவது தடவை மேக்க போனா, ஊர் வந்துச்சு. மூணாவது தடவை கெழக்க, ஊரையே தாண்டுற தூரத்துக்குப் போனா, அங்க கடல் இருக்கணும், கடலுக்குப் பதிலா ஊர் வந்துச்சு. ஊர்ல இருந்து ஏறுனா ஒழுங்கா ஸ்கூல்ல போய் எறங்கும், ஸ்கூல்ல இருந்து ஏறுனா ஒழுங்கா ஊர்ல வந்து எறங்கும், டவுன்பஸ் மாதிரி. நடுவுல வேற எந்த ஊரும் பூமியில இருக்கிற மாதிரியே தெரியல.

ஊர் அதுக்குப் பழகிருச்சு. ஊர்னா அப்படித்தான், யானை வந்து தெருவுல நின்னாலும் ரெண்டாம் நாள் அதோட கால்ல சைக்கிளைச் சாத்தி வைப்பாங்க. காஞ்ச பாத்தியில ஆடு மேயக் கூடாதுன்னு தலைவர் தண்டோரா போட்டாரு. ஆபிரகாம் அண்ணாச்சி ஒரு பெஞ்சு கொண்டுவந்து போட்டாரு. தெருவுல இருந்தவங்க ஒவ்வொருத்தரா வந்து, "கனி, அடுத்த தடவை வாரப்ப ஆச்சிக்கு மூட்டுவலித் தைலம்", "கனி, அங்க மல்லிப்பூ நல்லாருக்குமாமே", "கனி, இந்தச் சேவலை மேக்க எங்க அக்கா வீட்டுல குடுத்துரு"ன்னு ஆரம்பிச்சாங்க. சேவல் பின் சீட்டுல ஒக்காந்து நல்லபடியாப் போச்சு, ஒரு தொந்தரவும் பண்ணல. இதைக் கேள்விப்பட்ட பஸ்ஸுக்காரன், ஒங்களுக்குத்தான் ஏரோப்ளான் இருக்கேன்னு, வந்துக்கிட்டிருந்த ஒத்தப் பஸ்ஸையும் நிறுத்திட்டான். அதுக்குப் பொறவு கனி வராத வாரத்துல ஊர்ல மாத்திரை தீந்து போச்சு, பேட்டரி தீந்து போச்சு, வந்ததும் "என்னம்மா இப்பிடிப் பண்ணிட்ட"ன்னு கோவிச்சுக்கிட்டாங்க.

கனிக்குத் தூக்கம் போச்சு. கண்ண மூடுனா வெள்ளை, தெறந்தா வெள்ளை. கூடப் படிச்சவங்க பெங்களூருல எறங்குனேன், ஹைதராபாத்துல எறங்குனேன்னு பேசிக்கிட்டாங்க. இவ எறங்குன எடத்துல ஆட்டுப்புழுக்கை. ஏரோப்ளானோட சக்கரத்துல ஒட்டியிருக்கிற உப்பைச் சுரண்டிக்கிட்டே, பறக்கக் கத்துக்கிட்டது எதுக்கு, மாட்டைச் செக்குல கட்டுன மாதிரி வானத்துல சுத்தறதுக்கான்னு அவ தனக்குள்ள கேட்டுக்குவா. அதைச் சத்தமாக் கேக்க ஆள் இல்ல. யாருகிட்டக் கேட்டாலும் "வரத்தான செய்யுற, அதுல என்ன கஷ்டம்"னாங்க.

வர்க்கீஸ் சார் கண்ணால பாத்துடலாம்னு வந்தாரு. பஸ் இல்லாததால பாதி வழி உப்பு டிராக்டர்ல வந்தாரு. பெஞ்சுல ஒக்காந்து அவர் டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்போதே, தெக்க போக வேண்டிய கனி வானத்துல வந்தா, எறங்குனா, தலையில கைய வச்சுக்கிட்டு சக்கரத்துக்கிட்ட ஒக்காந்துட்டா.

"இது எப்படி?"ன்னாரு வர்க்கீஸ் சார்.

"சொல்லிட்டுப் போனா, வந்துட்டா. இதுல என்ன சார் அதிசயம்?"ன்னாரு ஆபிரகாம் அண்ணாச்சி. "சொல்லிட்டு வராம இருந்தாத்தான் அதிசயம்."

"என்ன சொல்லிட்டுப் போனா?"

சொன்னாங்க. வர்க்கீஸ் சார் கோட்டயத்துக்காரர். அவர் டம்ளரைக் கீழ வச்சாரு. "எங்க ஊர்லயும் அப்படித்தான் சொல்வோம். ஆனா, நாங்க சும்மா ஒரு மரியாதைக்குச் சொல்வோம். நீங்க எல்லாரும் மனசாரச் சொல்லிட்டீங்க." அப்புறம் தலைவரைப் பாத்து, "இனி ஒரே ஒரு சான்சுதான் நான் வாங்கித் தர முடியும். அதுலயும் இங்க வந்து எறங்குனா, ஸ்கூல்ல பேரை எடுத்துருவாங்க. யாராவது ஒருத்தர் இந்தப் பொண்ணைப் போன்னு சொல்லணும். வான்னு சேக்காம."

ஊர் கூடுச்சு. யோசிச்சுப் பாத்தா சின்ன விஷயம், ஒத்த எழுத்து. தலைவர் தொண்டையக் கனைச்சுக்கிட்டு முன்னால வந்து "போ..."ன்னாரு, கழுத்து நரம்பு பொடைக்க நின்னாரு, "...யிட்டு வாம்மா"ன்னு முடிச்சுட்டு வேர்வையத் தொடச்சாரு. ஆபிரகாம் அண்ணாச்சி "போய்த் தொலை"ன்னு சொல்லிப் பாத்தாரு, அதைச் சொல்லும்போதே அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு, அதனால அது செல்லாதுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. தெருக்குழாய்ல பாதி நாள் சண்டை போடுற பொம்பளைங்க கூட, "நாங்க ஏம்மா ஒன்னைச் சொல்லணும், வேற யாரையாவதுன்னா சொல்லுவோம்"னு ஒதுங்கிக்கிட்டாங்க. மனசு வரல, அது பாதி. மாத்திரை, மல்லிப்பூ, தைலம், அது மீதி. எல்லாரும் சொர்ணத்தைப் பாத்தாங்க.

"நான் ஒரு தடவை சொல்லியிருக்கேன்"ன்னா சொர்ணம். "என் வாய் அப்படி வாய். நான் சொன்னா பலிச்சுரும்." சேலை முந்தியை ஒதறிச் சொருகிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா.

மறுநாள் மத்தியானம் கனி கெளம்பணும். ஸ்கூலுக்குப் போயி, அங்க இருந்து கடைசிச் சான்சு. சோத்துல ஒக்காந்தா. அம்மா கொழம்பை ஊத்துனா. கனி ஒரு வாய் வச்சா. மனசு எங்கயோ கெடந்துச்சு, வாயி தானாச் சொல்லுச்சு.

"புளி கம்மி."

கரண்டி நின்னுச்சு.

"என்ன சொன்ன?"

"புளி கம்மிம்மா. ஏன், சொல்லக் கூடாதா?"

"ஏட்டி, உப்பளத்துல வெந்து வந்து ஒனக்கு வடிச்சுக் கொட்டுறேன், புளி கம்மியா? அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு."

"அப்பன் புத்தி இருந்தாத்தான் நல்லாருந்திருக்குமே. அந்த மனுசனாவது போய்ச் சேந்தாரு. என்னைய நீ கட்டிப் போட்டிருக்க. அந்த ஆட்டுக்குக் கூடக் கயிறு தெரியுது, எனக்கு அதுவும் தெரியல!"

"நானா கட்டுனேன்? நானா? ஒன்னை வானத்துல ஏத்தி விட்டவ நான்!"

"ஏத்தி விட்டு நூலைக் கையில வச்சுக்கிட்ட! ஒனக்கு மக வேண்டாம்மா, திரும்பி வாரதுக்கு ஒரு ஆளு வேணும். அப்பா வரலல்ல, அதுக்கு நான் வந்துக்கிட்டே இருக்கணும்!"

சொர்ணத்தோட மொகம் உப்பு மாதிரி வெளுத்துச்சு. தட்டு உருண்டுச்சு. யார் கை பட்டு உருண்டுச்சுன்னு கனிக்குப் பொறவும் ஞாபகம் வரல.

"நான் போறேன்"னா கனி.

"போ"ன்னா சொர்ணம். தெருவுக்கே கேக்குற மாதிரிச் சொன்னா. "போடி. போ!"

தெருவுல குழாயடிச் சத்தம் நின்னுச்சு. செவலை கூடக் கத்தல. கனி யாரையும் பாக்காம நடந்து, பாத்தியில நின்ன ஏரோப்ளான்ல ஏறி, கதவைச் சாத்துனா. பெஞ்சுல இருந்த ஆபிரகாம் அண்ணாச்சி கையைப் பாதி தூக்கி, வாயப் பொத்திக்கிட்டாரு.

கடைசிச் சான்சு அன்னைக்கு ஸ்கூல்ல இருந்து வடக்க போனா. காம்பஸ் வடக்க காட்டுச்சு. மேகம் வெலகுச்சு. கீழ கறுப்பா, நீளமா, கோடு போட்ட தார் ரன்வே. அவ பாத்தே இராத ஊரு, ரொம்ப அழகான, யாரும் சாப்டியான்னு கேக்காத ஊரு. சக்கரம் தரையத் தொட்டப்பதான் அவளுக்கு ஒரைச்சுச்சு. தட்டுல சோறு திங்கத் தெரிஞ்ச நாள்ல இருந்து அவ சாப்புட்ட கொழம்பு அத்தனையும் புளிப்பு. அப்பா போன அன்னைக்குப் பொறவு அம்மா ஒருநாள் கூடப் புளியக் கம்மியாப் போட்டதில்ல. பல்லு கூசுற அளவுக்குப் போடுவா. இவ கெளம்புன அன்னைக்கு ஒருநாள்தான் கம்மி.

அந்த ஏர்போர்ட்டுல ஒரு பைலட் எறங்கி வந்து தூணைப் பிடிச்சுக்கிட்டு அழுததுக்கு, வெயில் ஒத்துக்கலன்னு நெனச்சு ஒருத்தர் தண்ணி பாட்டில் குடுத்தாரு.

லைசென்ஸ் வந்துச்சு, பெரிய ஏரோப்ளானுக்குப் படிச்சா, வேலை கெடைச்சுச்சு, தோள்ல தங்கக் கோடு வச்ச சட்டை வந்துச்சு. முதல் லீவுல ஊருக்குக் கெளம்புனா. ஊருக்கு இப்ப ஏரோப்ளான் இல்லைங்கறதால பஸ்ஸை மறுபடி விட்டிருந்தாங்க. ஏறி, கண்ண மூடாம ஒக்காந்திருந்தா. பஸ்ஸு முந்துன ஊரைத் தாண்டுச்சு, அடுத்த ஊருல போய் நின்னுச்சு, நடுவுல உப்பாத்துவிளை வரல. "இப்பத்தானம்மா தாண்டுனோம், நாலு பேரு எறங்குனாங்களே"ன்னான் கண்டக்டர். ஆட்டோவுல போனா, ஆட்டோக்காரன் சுத்திச் சுத்திப் பொறப்பட்ட எடத்துலயே கொண்டுவந்து விட்டுட்டு மன்னிப்புக் கேட்டான். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்து பாத்தா; உப்புக் காத்து மொகத்துல அடிச்சுச்சு, அண்ணாச்சி பாய்லர் பொகை வாசம் வந்துச்சு, ரோடு வளைஞ்சுச்சு, திரும்பவும் அதே மைல்கல்.

போன்ல சொன்னா. "நான்தான் சொன்னேனே, என் வாய் அப்படி வாய்னு"ன்னா சொர்ணம். அதுக்குப் பொறவு வாரா வாரம் பேசிக்கிட்டாங்க, சாப்டியா, சாப்ட்டேன், செவலை குட்டி போட்டிருக்கா, போட்டிருக்கு. முன்ன அவளுக்கு ஒரே ஒரு ஊருலதான் எறங்க முடிஞ்சுச்சு. இப்ப ஒரே ஒரு ஊரைத் தவிர எல்லா ஊர்லயும் எறங்குனா. ஹோட்டல் ரூம் ஜன்னல்ல நின்னு வெளிய பாக்கும்போது, ரெண்டும் ஒரே ரூம்தான், பூட்டு மட்டும் வேற பக்கம் இருக்குன்னு அவளுக்குத் தோணும். ஊர்க்காரங்க அவளுக்குப் பார்சல்ல மூட்டுவலித் தைலம் அனுப்புனாங்க, பைலட் வேலையில முதுகு வலிக்குமாமேன்னு.

கடைசியில டிக்கெட் போட்டுக் குடுத்தா. அவ வர முடியாதுன்னா அம்மா வரட்டும். மதுரையில இருந்து சென்னைக்கு, அவளே ஓட்டுற ஏரோப்ளான். மதுரை ஏர்போர்ட்டு வாசல்ல, கோடு போட்ட சட்டையோட நின்ன மகளைச் சொர்ணம் மேல இருந்து கீழ பாத்தா, கன்னத்தைத் தொட்டா. கனி மொதக் கேள்வியா அதைத்தான் கேட்டா.

"அம்மா, ஊர்ல யாருகிட்டயாவது சொல்லிட்டு வந்தியா?"

"மூச்சு விடலையே. மீன் வாங்கப் போற மாதிரி கூடையத் தூக்கிக்கிட்டு, சொல்லாமக் கொள்ளாம வந்துட்டேன். அண்ணாச்சி எங்கன்னு கேட்டாரு, காது கேக்காத மாதிரி வந்தேன்." சொர்ணம் வாழ்க்கையில முதல் தடவையா, வருவேன்னு யாருக்கும் வாக்குக் குடுக்காம வீட்டை விட்டு வந்திருக்கா. அது எவ்வளவு பெரிய விஷயம்னு கனிக்குத் தெரியும். கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

ஏரோப்ளான் ஏறுச்சு. பெரிய கேப்டன் இடது பக்கம், கனி வலது பக்கம், கன்ட்ரோல் கனி கையில. வடக்க காம்பஸ், சுத்தமான வானம். பின்னால எங்கயோ ஒரு ஜன்னல் சீட்டுல அம்மா, மடியில கூடை. பல வருஷத்துக்குப் பொறவு கனி நெஞ்சு நெறைய மூச்சு விட்டா.

அப்பத்தான் பின்னால இருந்து பணிப்பெண் போன் பண்ணுனா. "மேடம், உங்க அம்மா ஒண்ணு கேக்கச் சொல்றாங்க. எனக்குப் புரியல, அப்படியே சொல்றேன். 'ஆட்டுக்குத் தண்ணி வச்சுட்டு வரும்போது செவலைகிட்ட மட்டும் வாய் தவறிச் சொல்லிட்டேன். அதுவும் மேன்னுச்சு. அது கணக்கா'ன்னு கேக்குறாங்க."

முன்னால மேகம் ஒண்ணு, அதுவரைக்கும் இல்லாத மேகம், கதவு மாதிரி ரெண்டாப் பிரிஞ்சுச்சு.

"நாம வடக்கதான போறோம்?"ன்னாரு கேப்டன், கண்ணாடிக்கு வெளிய பாத்துக்கிட்டே.

"வடக்கதான் சார் காட்டுது."

கீழ வெள்ளை. கண்ணு கூசுற வெள்ளை. அதுக்கு நடுவுல எறும்பு மாதிரி சனங்க ஓடி ஓடி உப்பு அம்பாரத்தை ஒதுக்கிக்கிட்டு இருந்தாங்க, இந்தத் தடவை வாரது பெரிய வண்டின்னு எப்படியோ தெரிஞ்ச மாதிரி. ஒரு ஆளு பெஞ்சைத் தூக்கிட்டுப் பின்னால போறது தெரிஞ்சுச்சு. ஆடெல்லாம் ஓடிருச்சு, கயித்தை அத்துக்கிட்டு வந்த செவப்பு ஆடு ஒண்ணு மட்டும் நட்டநடுவுல நின்னு மேல பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"மேடம், என்ன சொல்லட்டும்?"ன்னா பணிப்பெண்.

கனி தோள்ல இருந்த தங்கக் கோட்டை ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிட்டா. அப்புறம் கைய எடுத்துக் கன்ட்ரோல்ல வச்சா.

"கணக்குதான்னு சொல்லுங்க. எல்லாரையும் பெல்ட்டைப் போட்டுக்கச் சொல்லுங்க."